துப்பாக்கிக் குழலுக்குக் கொதிநீர்

இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க நமக்குத் தெரிந்த முதல் பாடம், அதன்மேல் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது. அரிவாள் நனைந்தால் துடைத்து வைக்கிறோம். தோசைக்கல்லைக் கழுவினால் ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவுகிறோம். ஆனால் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துச் சிப்பாய், சுடுபயிற்சி முடிந்து பாசறைக்குத் திரும்பியதும் தன் துப்பாக்கிக்கு முதலில் செய்யவேண்டிய வேலை, குழலுக்குள் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவது. அதற்கென்றே தனிப் புனல் இருந்தது. எண்ணெயெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேட்டால் விபரீதமாகத் தோன்றும் இந்த வழக்கம் முற்றிலும் சரி. ஏன் சரி என்பது, அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களுக்கே பல காலம் தெரியாது.

அந்தத் துப்பாக்கி நமக்கு நன்கு பழகியதுதான். காவல் நிலைய வாசலிலும், வங்கிப் பண வண்டிக்குக் காவலாகவும், தேர்தல் நேரத்தில் வாக்குச்சாவடியிலும் பார்த்திருப்போம். மரத்தாலான கட்டை, மேலே தள்ளி இழுக்கும் போல்ட், பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டி. ‘த்ரீ நாட் த்ரீ’ என்று ஊரே அழைக்கும் லீ-என்ஃபீல்டு ரைஃபிள். 1895-இல் பிறந்து, 1903-இல் குட்டையாக்கப்பட்டு, 1907-இல் மூன்றாம் மாதிரியாக உருவெடுத்தது. கொல்கத்தாவுக்கு வடக்கே இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை இதை லட்சக்கணக்கில் செய்தது. 1962-இல் சீனாவுடன் நடந்த போரில்கூட நம் வீரர்களின் கையில் இருந்தது இதுதான். ராணுவம் கைவிட்ட பிறகும் காவல்துறைகள் விடவில்லை. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் இதற்கு முறைப்படி விடைகொடுத்தது.

இதன் குழல் சுமார் 64 செ.மீ. நீளம், 7.7 மி.மீ. விட்டம். உள்ளே ஐந்து பள்ளங்கள் இடப்பக்கமாகச் சுழன்று ஓடுகின்றன. 25.4 செ.மீ. தூரத்துக்குள் ஒரு முழுச் சுற்று. விநாடிக்கு 744 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு அப்படியானால் விநாடிக்கு 2,900 தடவைக்கு மேல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுழற்சிதான் அதை நேராகப் பறக்க வைக்கிறது. குழலின் உட்புறத்தை விரித்துப் போட்டால் விரல்களோடு விரித்த ஒரு கையளவுப் பரப்புதான் வரும், சுமார் 155 சதுர செ.மீ. துப்பாக்கியின் வாழ்வும் சாவும் அந்தப் பரப்பில்தான்.

சுட்டவுடன் அங்கே மிஞ்சுவது என்ன? கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இரண்டு. ஒன்று கரி. மற்றொன்று, குண்டின் மேலுறையிலிருந்து உரசி ஒட்டிக்கொண்ட உலோகப் பூச்சு. பழைய தோட்டாக்களில் அது செம்பும் நிக்கலும் கலந்தது. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று உண்டு. கேடு அதனால்தான்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கேட்டுக்குப் பழி கார்டைட்டின் மேல் விழுந்தது. 1889-இல் ஃபிரெட்ரிக் ஏபல், ஜேம்ஸ் டூவர் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கிய புகையற்ற வெடிமருந்து அது (இந்த டூவர்தான் காபி சூடு ஆறாமல் வைக்கும் ஃபிளாஸ்க்கின் மூலவடிவத்தைச் செய்தவரும்). முதல் கலவையில் நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37, வாசலின் 5. நம் நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்திலுள்ள அருவங்காட்டுத் தொழிற்சாலை, இந்தக் கார்டைட்டைத் தயாரிப்பதற்காகவே 1900-களின் தொடக்கத்தில் எழுப்பப்பட்டது. பெயரும் இன்றுவரை கார்டைட் ஃபேக்டரிதான். மலை ரயிலில் போகிறவர்கள் அருவங்காடு நிலையத்தைக் கடந்துதான் ஊட்டிக்குப் போகவேண்டும்.

நைட்ரோகிளிசரின் என்றால் நைட்ரிக் அமிலத்தின் பிள்ளை. ஆகவே எரிந்தபின் அமிலப் புகை தங்கி இரும்பை அரிக்கிறது என்று நம்பினார்கள். இன்னொரு கட்சி இன்னும் சுவாரசியமான விளக்கம் சொன்னது. சுடும்போது உண்டாகும் அழுத்தத்தில் வாயு எஃகின் நுண்துளைகளுக்குள் புகுந்துவிடுகிறது, பிறகு இரண்டு மூன்று நாள் மெல்ல மெல்ல வெளியே கசிகிறது, அதாவது குழல் ‘வியர்க்கிறது’ என்றது அது. ஆதாரமும் கைவசம் இருந்தது. பளபளவென்று துடைத்து எண்ணெய் போட்டு வைத்த குழல், மறுநாள் காலையில் ஈரம் கோத்து, பழுப்பேறிக் கிடக்கும். மறுபடி துடைத்தால் மறுநாளும் அதே கதை. எஃகுக்கு வியர்வைத் துளை கிடையாது. ஆனால் அவர்கள் கண்ட ஈரம் பொய்யல்ல.

முடிச்சை அவிழ்த்தவர், முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் இதை ஆராய்ந்த அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் வேதியியலாளர் வில்பர்ட் ஹஃப். குற்றவாளி தோட்டாவில் நிரப்பிய மருந்தில் இல்லை. அந்த மருந்தைப் பற்றவைக்கத் தோட்டாவின் அடியில் வைத்திருக்கும் சிறு குப்பியில், அதாவது கேப்பில், இருந்தது. தீபாவளிக்குப் பிள்ளைகள் சுடும் பொட்டுக் கேப்பின் உறவினர்தான் அது. அடிபட்டவுடன் தீப்பொறி கக்கவேண்டும். அதற்காகப் பாதரச ஃபல்மினேட், ஆன்டிமனி சல்ஃபைடு இவற்றோடு, எரிய ஆக்சிஜன் கொடுக்கப் பொட்டாசியம் குளோரேட்டும் சேர்த்திருப்பார்கள். மொத்தமும் சில பத்து மில்லிகிராம்தான். குளோரேட் தன் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டால் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு. எடைக்கணக்கில் பார்த்தால், போட்ட குளோரேட்டில் சுமார் 61 சதவீதம் உப்பாக மிஞ்சும். ஒவ்வொரு சூட்டுக்கும் குழல் முழுவதும் அந்த உப்பு ஆவியாகப் பாய்ந்து, குளிர்ந்து, படிகிறது.

நம் விருத்தாசலம் பக்கத்தில் கரும்போ நெல்லோ பயிரிடும் யாருக்கும் இந்த உப்பை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உரக்கடையில் ‘பொட்டாஷ்’ என்று மூட்டையாக வாங்குவது இதே பொட்டாசியம் குளோரைடுதான். மழைக்காலத்தில் பிரித்து வைத்த பொட்டாஷ் மூட்டை கசகசவென்று ஈரம் கோத்துக் கட்டிதட்டுவதைப் பார்த்திருப்பார்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 84 சதவீதத்தைத் தாண்டினால் பொட்டாசியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை விடியற்காலை எதுவும் அந்த அளவை எளிதாகத் தாண்டும். குழல் வியர்த்ததன் மர்மம் இவ்வளவே. வெளியிலிருந்து வந்த ஈரம் உள்ளேயிருந்து வந்ததுபோல் தோன்றியது. (கடையில் விற்கும் பொட்டாஷ் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடு. உப்பும் துருவும் நிலத்துக்குள்ளேயே கூட்டுச் சேர்ந்துதான் வருகின்றன.)

இனி, ஈரமான உப்பு எஃகை என்ன செய்கிறது? துருப்பிடித்தல் ஒரு மின்வேலை. உலோகப் பரப்பின் ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் எஃகின் வழியே இன்னோரிடத்துக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆக உதவுகின்றன. சுற்று முழுமையடைய, வெளியே அயனிகள் நடமாடத் தண்ணீரும் வேண்டும். தூய நீரில் நடமாட்டம் மந்தம். உப்புநீரில் அமோகம்.

குளோரைடுக்கு இதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. எஃகின் மேல் இயல்பாகப் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தில் அது ஓட்டை போடுகிறது. ஓட்டைக்குள் இரும்பு கரையக் கரைய அங்கே நேர்மின்னூட்டம் பெருகும்; அதைச் சமன்செய்ய எதிர்மின்னூட்டமுள்ள குளோரைடு மேலும் மேலும் அந்தக் குழிக்குள்ளேயே குடியேறும். இரும்புக் குளோரைடு நீரோடு வினைபுரிந்து இரும்பு ஹைட்ராக்சைடாகப் பிரிய, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கிறது. அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கிறது. மேற்பரப்பு பரவலாகத் தேய்வதற்குப் பதில் குழி மட்டும் ஆழமாகிக்கொண்டே போவது இதனால்தான். இத்தனைக்கும் குளோரைடு செலவாவதே இல்லை. மாட்டுச்சந்தைத் தரகர்போல, ஒரு பேரத்தை முடித்துவிட்டுக் கையை உதறி அடுத்த பேரத்துக்குப் போய்விடுகிறது. தூசியளவு உப்பு ஒரு குழலை நாசமாக்கிவிடுவது எப்படி என்பதற்கு விடை இந்தச் செலவாகாமையில் இருக்கிறது.

எண்ணெய் ஏன் போதாது என்பதும் இப்போது விளங்கும். உப்பு அயனிகளால் ஆனது, எண்ணெயில் கரையாது. உப்பின் மேல் எண்ணெய் பூசினால் உப்பு பத்திரமாக உள்ளேயே இருக்கும், அவ்வளவுதான். எண்ணெய்ப் படலத்தைத் தாண்டி ஈரம் மெல்லப் புகுந்துவிடும். தண்ணீரோ, 20 டிகிரியிலேயே 100 மி.லிட்டருக்கு 34 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைக்கும். கொதிநிலையில் 56 கிராம். குழலில் இருக்கும் மில்லிகிராம்களுக்கு ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரே தாராளம். பிறகு எதற்குக் கொதிநீர்? காய வைப்பதற்கு. கொதிநீர் ஓடியபின் குழலே சூடாகிவிடுவதால் மிச்ச ஈரம் தானாக ஆவியாகிவிடும். கரைப்பது நீர், உலர்த்துவது சூடு. இரண்டையும் ஒரே ஊற்றலில் முடிக்கிறார்கள். அம்மோனியா கலந்த கரைசலைப் போட்டால்தான் உப்பு ‘முறியும்’ என்று துப்பாக்கி சேகரிப்பாளர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அம்மோனியா கரைப்பது செம்புப் பூச்சை. உப்பைப் பொறுத்தவரை அந்தக் கரைசலில் வேலை செய்வது அதிலுள்ள தண்ணீர் மட்டுமே.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை குளோரைடு இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடைக்காவிட்டால் 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவும் உவர்ப்பானவை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது. நான் செய்வதாக இருந்தால் பிடித்து வைத்த மழைநீரைத்தான் தேர்வேன்.

உப்பும் ஈரமும் சேர்ந்து செய்யும் இந்தச் சதியை விருத்தாசலத்துக்காரர்கள் வேறொரு தொழிலில் நன்றாக அறிவார்கள். இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையில் அகல்விளக்கும் பொம்மையும் மட்டுமல்ல, ஃபியூஸ் கட்டையும் மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டரும் சூளையேறி வெளிவந்திருக்கின்றன. பீங்கான் அருமையான மின்தடுப்பான். ஆனால் கடற்கரையோரம் நட்ட கம்பத்தில் அதன்மேல் உப்புக்காற்று படியும். வெயிலில் காய்ந்த உப்பால் தொல்லை இல்லை. பனி இறங்கும் விடியலில் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கரைந்தால் பீங்கானின் மேலேயே மின்சாரத்துக்குப் பாதை விழுந்துவிடும்; சில சமயம் பொறி பறக்கும். அதனால்தான் இன்சுலேட்டருக்கு அடுக்கடுக்காகக் குடைபோன்ற மடிப்புகளும், மழை வழுக்கி ஓட வழவழப்பான கிளேஸும். மழை போதாத இடங்களில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது உலகெங்கும் உள்ள வழக்கம். குழலுக்குக் கொதிநீர் ஊற்றிய சிப்பாயும் இன்சுலேட்டர் கழுவும் மின்ஊழியரும் துரத்துவது ஒரே எதிரியை.

ஆனால் பீங்கான் துருப்பிடிப்பதில்லை. ஏற்கெனவே ‘துருப்பிடித்த’ பொருள் அது. சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜனோடு சேர்ந்து, இனிச் சேர ஒன்றுமில்லாத நிலைக்குப் போய்விட்டவை. இரும்பும் அங்கே போகத்தான் துடிக்கிறது. நம் முந்திரித் தோப்புகளின் செம்மண் நிறமே இரும்பு ஆக்சைடுதான். தாதுவாகக் கிடந்ததை உலையில் இட்டு ஆக்சிஜனைப் பறித்து எஃகாக்கினோம், அது வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் திரும்பிப் போகப் பார்க்கிறது. நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணுக்கு மதிப்பு வந்ததற்குக் காரணமும் அதில் இரும்பு குறைவு என்பதே. களிக்குழம்பில் இரும்புத் துகள் தப்பி வந்தால் சுட்டபின் வெள்ளைக் கோப்பையில் கரும்புள்ளி விழும் என்று காந்தம் வைத்து அரித்தெடுப்பார்கள். நம் ஊரில் இரும்பு பீங்கானுக்கு எதிரி. குழலிலோ உப்பு இரும்புக்கு எதிரி.

செய்முறைக்கு வருவோம். எதற்கும் முன்னால், தோட்டா உள்ளே இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதிசெய்வது. பிறகு போல்ட்டைக் கழற்றுவது. போல்ட்டிலும் துப்பாக்கியிலும் ஒரே எண் பொறித்திருக்கும். பத்துத் துப்பாக்கியை ஒன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு போல்ட்டை மாற்றி மாட்டிவிட்டால் தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி மாறி, பித்தளை உறை கிழியும் அபாயம் உண்டு. என்.சி.சி. முகாமில் துப்பாக்கி துடைத்தவர்களுக்குப் ‘புல்த்ரூ’ நினைவிருக்கும். ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு. மறுமுனை வளையத்தில் ‘சிந்தி’ என்கிற, நான்குக்கு இரண்டு அங்குலத் துணி. இதுவும் பித்தளை எண்ணெய்ப் புட்டியும் துப்பாக்கிக் கட்டையின் அடியில் உள்ள சிறு கதவுக்குப் பின்னேயே குடியிருக்கும். கயிற்றைப் பின்பக்கம் போட்டு முன்வாயால் இழுக்கவேண்டும், அதுவும் நேராக. கோணலாக இழுத்தால், மணல் ஏறிய கயிறு அரம்போல் குழலின் வாயை ஒருபக்கம் அறுத்துவிடும். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அந்த வாய். சுட்டுத் தேய்ந்த குழல்களைவிடத் துடைத்துக் கெட்ட குழல்கள் அதிகம் என்றால் வியப்பில்லை.

துணி வெள்ளையாக வெளிவந்தால் சுத்தம் என்பது பொதுக் கணக்கு. உப்புக்கு நிறமில்லை என்பதால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. பள்ளி ஆய்வகத்து வெள்ளி நைட்ரேட்டில் ஒரு சொட்டைக் கழுவிய நீரில் விட்டால் தெரிந்துவிடும். குளோரைடு இருந்தால் பால்போல் வெளுக்கும். அருங்காட்சியகங்களில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த இரும்பை ஊறவைத்துக் குளோரைடை வெளியேற்றும்போது செய்வதும் இந்தச் சோதனைதான். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் எஸ். பரமசிவன் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடம் முதலில் போராடியது, புதையலாகக் கிடைத்த வெண்கலச் சிலைகளில் குளோரைடு உண்டாக்கும் பச்சை நோயோடு. மின்பகுப்பு முறையில் அதை அவர் குணப்படுத்தினார். உலோகம் வேறு, நோய்க்கு மூலம் ஒன்றே.

உப்புப் போனபின் எண்ணெய், மெல்லிய பூச்சாக. பிரிட்டிஷார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கு ரங்கூன் எண்ணெய் என்று பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்த கனிம எண்ணெயை விரும்பினார்கள். நாம் பூட்டுக்கும் கீலுக்கும் விடும் தேங்காயெண்ணெய் இங்கே ஆகாது. நாளடைவில் சிக்கெடுத்துக் கொழுப்பமிலம் பிரியும், அதுவே உலோகத்தைத் தின்னும். போதாக்குறைக்கு 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மரக்கட்டைக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய். அது காற்றின் ஆக்சிஜனை உறிஞ்சி மரத்துக்குள் கெட்டிப்பட்டுப் பிசினாகிறது. அப்படி உறிஞ்சும்போது சூடு பிறக்கும். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் சூடு தங்கித் தானே தீப்பற்றும். விரித்துக் காயப்போடவேண்டும்.

இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்க நம்மில் யாருக்கும் வாய்ப்பில்லை. .303 நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட துளையளவு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி சாமானியருக்குச் சாதாரண உரிமத்தில் கிடைக்காது. உரிமம் பெற்ற குடிமக்களுக்காக அதே அமைப்பில் .315 என்ற வேறு அளவில் அரசுத் தொழிற்சாலைகள் செய்து விற்றன. ராணுவ உபரியாகக் கழிக்கப்பட்ட இச்சாப்பூர் துப்பாக்கிகள் பெருமளவில் அமெரிக்கச் சேகரிப்பாளர்களைச் சேர்ந்தன. கெட்டிக் கிரீஸ் அப்பிய நிலையில் வாங்கி, மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான்களால் கழுவிப் பார்த்தால், கட்டையின் கழுத்தில் கிரீடமும் அரசர் ஜார்ஜைக் குறிக்கும் ‘ஜி.ஆர்.ஐ.’ எழுத்தும் வருடமும் தெரியும்; விடுதலைக்குப் பின் வந்தவற்றில் அசோகரின் சிங்கங்கள். குழலில் கருங்குழிகள் தெரிந்தால் அது எப்போதோ ஒரு பாசறையில் யாரோ ஒருவர் கொதிநீர் காய்ச்சச் சோம்பல்பட்டதன் பதிவு. அந்தக் குழியைத் தேய்த்துப் போக்க முடியாது. முத்திரைகளையும் சேர்த்து உப்புத்தாளால் பளபளப்பாக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பைவிடக் கொடியவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

குளோரேட் இல்லாத கேப்பை ஜெர்மானியர்கள் 1928-இல் சினாக்ஸிட் என்ற பெயரில் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் குளோரேட் கலவை கிடங்கில் நெடுநாள் கெடாமல் இருக்கும் என்பதால் ராணுவங்கள் அதை எளிதில் விடவில்லை. புனேக்குப் பக்கத்துக் கிர்க்கியில் செய்த .303 தோட்டாக்களைப் பழைய கையிருப்பிலிருந்து சுடுகிறவர்கள் இன்றைக்கும் கொதிநீர் வைக்கிறார்கள். புதிய கேப்புகளில் குளோரேட் இல்லை; பாதரசத்துக்குப் பதிலாக வந்தது ஈயச் சேர்மம். குழல் தப்பித்தது. ஒவ்வொரு சூட்டிலும் ஈயத்தூசு கிளம்பிச் சுடுகிறவரின் மூச்சில் போனது. மூடிய சுடுதளங்களில் பயிற்சியாளர்களின் ரத்தத்தில் ஈயம் ஏறுவதைக் கண்டபின், பெரிய காற்றோட்டிகள் வைத்தார்கள், உணவைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார்கள். 1980-களில் ஈயமும் இல்லாத கேப்புகள் வரத்தொடங்கின. விலை கூடுதல் என்பதால் சோப்பு இன்னும் தேவைப்படுகிறது.